செகண்ட் அப்பீல் (இரண்டாம் மேல்முறையீடு): கேள்வியில்தான் இருக்கிறது விஷயம்

சிவில் வழக்கில் முதல் மேல்முறையீட்டிலும் தோற்றவர்கள், "ஹைகோர்ட்டிலாவது நம் சாட்சியை ஒழுங்காகப் படிப்பார்கள்" என்று நம்பிக் கிளம்புகிறார்கள். அந்த நம்பிக்கை வேண்டாம். 1976 திருத்தத்துக்குப் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவு கேட்பது ஒன்றுதான்: வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி இருக்கிறதா? நிலம் யார் அனுபவத்தில் இருந்தது, பணம் கைமாறியதா என்பதெல்லாம் சங்கதி, அதாவது நடந்தது என்ன என்ற விஷயம்; சட்டக் கேள்வி அல்ல. அதில் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதே பெரும்பாலும் முடிவு. ரூ.25,000-க்கு மேற்படாத பண வசூல் வழக்கென்றால், 102-வது பிரிவுப்படி செகண்ட் அப்பீலே கிடையாது.

மனுவில் "கீழ் நீதிமன்றம் சாட்சியத்தைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை" என்று மட்டும் எழுதினால், அப்பீலை விசாரணைக்கு ஏற்கலாமா என்று பார்க்கும் அட்மிஷனிலேயே தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம். அது புலம்பல், கேள்வி அல்ல. இப்படி எழுதிப் பாருங்கள்: "பதிவுச் சட்டத்தின் 49-வது பிரிவு தடுக்கும்போது, பதிவு செய்யப்படாத பாகப்பிரிவினைப் பத்திரத்தை வைத்து வாதியின் பங்கைத் தீர்மானித்தது சட்டப்படி சரியா?" எந்த ஆவணம், எந்தப் பிரிவு, எந்த முடிவு, மூன்றும் வந்துவிட்டன. பதில் மாறினால் தீர்ப்பும் மாறும். அப்படி மாறாத கேள்வியைச் சேர்க்கவே வேண்டாம்.

அதே பத்திரத்தில் குறை பதிவில் இல்லாமல் முத்திரைத் தீர்வையில் இருந்தால் கதை வேறு. விசாரணையில் சான்றாவணமாகக் குறிக்கும்போதே ஆட்சேபித்திருக்க வேண்டும். ஒருமுறை ஏற்றுவிட்ட ஆவணத்தைத் தீர்வை போதாது என்று பிறகு கிளற முத்திரைச் சட்டம் 36-வது பிரிவு விடாது.

ஆதாரமே இல்லாமல் வந்த முடிவையும், முக்கிய ஆவணத்தைத் தொடாமலே விட்ட முடிவையும் சட்டப் பிழையாக்கலாம். இன்னொரு நல்ல பிடி, மேல்முறையீட்டுத் தீர்ப்பில் காரணம் சொல்லச் சொல்லும் உரிமையியல் நடைமுறைச் சட்டக் கட்டளை 41 விதி 31. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டுவிட்டு, அதன் காரணங்களை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரிகூடச் சொல்லாத தீர்ப்புகள் உண்டு. சந்தோஷ் ஹசாரி வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது.

செகண்ட் அப்பீல் போடக் கெடு 90 நாள். தீர்ப்பின் நகல் வாங்க ஆன காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நகல் தயாரான பிறகு நீங்கள் போய் வாங்காமல் விட்ட நாட்கள் கழியாது. நகலிலேயே தேதிகள் இருக்கும், பதிவகம் அவற்றை வைத்துத்தான் எண்ணும்.

அப்பீல் போட்டுவிட்டதாலேயே டிகிரி (தீர்ப்பாணை) நிறைவேற்றம் நிற்காது. தனியாக ஸ்டே மனு வேண்டும். கெடு தாண்டினால் தாமத மன்னிப்பு மனுவும் சேரும். அப்போது கட்டளை 41 விதி 3ஏ குறுக்கே வரும்: மேல்முறையீட்டை விசாரிப்பதாக நீதிமன்றம் முடிவெடுக்கும்வரை ஸ்டே கொடுக்க முடியாது. இ.பி. (டிகிரியை நிறைவேற்றக் கோரும் மனு) போட்டிருக்கும் எதிர்த்தரப்பு அதுவரை சும்மா இருக்காது.