ஐபி டிப்ளமோ: மதிப்பெண் கிரெடிட்டாக மாறும் வரை

ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியட்) என்ற பள்ளி இறுதிப் படிப்பின் டிப்ளமோவில் 45க்கு 38 வாங்கியும், ஒரு கிரெடிட்கூட (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகு) கணக்கில் ஏறாமலேயே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரைத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. மதிப்பெண்ணில் குறை இருக்காது. டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியல்) போய்ச் சேர்ந்திருக்காது, அல்லது எடுத்த பாடங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இருக்காது.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கிரெடிட் தரும் இடங்கள் குறைவு. பாடம் பாடமாகத்தான் பார்ப்பார்கள், அதிலும் பெரும்பாலும் ஹையர் லெவலை (கூடுதல் ஆழத்தில் படிக்கும் நிலை) மட்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹையர் லெவல் தேர்வில் 7க்கு 5 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பாடத்துக்கு 8 குவார்ட்டர் யூனிட் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவ முறையின் கிரெடிட்). செமஸ்டர் முறையில் இயங்கும் பெர்க்லியிலும் மெர்செடிலும் அதுவே 5.3 யூனிட். டிப்ளமோவையே 30 புள்ளிகளுக்குக் குறையாமல் முடித்தால் மொத்தமாக 30 குவார்ட்டர் யூனிட். தனித்தனியாக எழுதிய ஸ்டாண்டர்டு லெவல் (சாதாரண நிலை) தேர்வுகளுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. டெக்சாஸில் கதை வேறு: டிப்ளமோ முடித்து, எல்லாத் தேர்விலும் 4க்குக் குறையாமல் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகங்கள் குறைந்தது 24 செமஸ்டர் கிரெடிட் தந்தாக வேண்டும், அது மாநிலச் சட்டம். பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் என்றால், ஐந்தில் ஒரு பங்கு.

ஆகவே கிரெடிட் கணக்கு 11ஆம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இன்ஜினியரிங் போக நினைப்பவர்கள் கணிதத்தில் ‘அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்’ ஹையர் லெவல் எடுப்பதே பாதுகாப்பு. ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரெட்டேஷன்’ எடுத்தால் பல இடங்களில் கால்குலஸுக்குக் கிரெடிட் கிடைக்காது.

மே மாதத் தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில் வரும். பின் நம்பர் போட்டு மாணவர் பார்க்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் பல்கலைக்கழகத்தில் மாணவர் பதிவுகளைக் கவனிக்கும் ரிஜிஸ்ட்ரார் அலுவலகம் ஏற்காது. டிரான்ஸ்கிரிப்ட் ஐபி அமைப்பிலிருந்து நேரடியாகப் போக வேண்டும். முடிவு வருவதற்கு முன்பே பள்ளியின் ஐபி கோஆர்டினேட்டரிடம் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொடுத்துவிட்டால் அவரே பதிந்துவிடுவார். தவறவிட்டால் ஐபி தளத்தில் கட்டணம் கட்டிக் கேட்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு இங்கேதான் ஒரு தனிச் சிக்கல்: பெயர். பள்ளிப் பதிவில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு பெயர், விண்ணப்பத்தில் முன்பின் மாறி மூன்றாவது. டிரான்ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தாலும் மாணவரின் கோப்போடு பொருந்தாமல் தனியே கிடக்கும். தேர்வுக்குப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்டிலும் கிரெடிட் ஏறவில்லை என்றால் பிறந்த தேதியும் மாணவர் எண்ணும் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

ஏறிய பிறகு டிகிரி ஆடிட்டை (பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் பட்டியல்) திறந்து அது எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். வேதியியல் ஹையர் லெவல் 6ஐ ஓரிடத்தில் பொது வேதியியல் பாடத்துக்கு ஈடாக, லேபோடு சேர்த்துப் பதிவார்கள். இன்னோரிடத்தில் வெறும் ‘எலெக்டிவ்’ (விருப்பப் பாடம்) என்று போடுவார்கள். எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் கட்டாயப் பாடம் அப்படியே பாக்கி. அந்தத் துறையிடம் சிலபஸைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். சில சமயம் பலிக்கும்.

பல கல்லூரிகளில் ஓரியன்டேஷன் (புதியவர்களுக்கான அறிமுகமும் பாடப் பதிவும்) ஜூன் மாதமே முடிந்துவிடும். கையில் முடிவு இருக்காது. கால்குலஸ் 1இல் பெயர் கொடுத்து வைக்கலாம், ஆனால் கிரெடிட் வந்ததும் ஆட்-டிராப் கெடுவுக்குள் (பாடத்தைச் சேர்க்கவும் விடவும் கடைசி நாள்) மாற்றியாக வேண்டும். அதே பாடத்தை மறுபடி படித்து முடித்தால் ஐபி கிரெடிட் பொதுவாக ரத்தாகும். ஒரே பாடத்தில் ஐபியும் ஏபியும் (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்ற அமெரிக்கத் தேர்வு) எழுதியிருந்தாலும் ஒன்றுக்குத்தான் கிரெடிட்.

4 வாங்கி, 5 தேவைப்படுகிறதா? பள்ளி வழியாக மறுமதிப்பீடு கேட்கலாம். கிரேடு இறங்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், எல்லைக்கு எத்தனை மார்க் தள்ளி நிற்கிறது என்று கோஆர்டினேட்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கிடைத்த எல்லாக் கிரெடிட்டையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பதில்லை. மருத்துவம் படிக்க எண்ணுபவர்கள் உயிரியல், வேதியியலைக் கல்லூரியிலேயே எடுப்பது நல்லது. பல மருத்துவக் கல்லூரிகள் தேர்வுக் கிரெடிட்டை முன்தகுதியாக ஏற்பதில்லை. கணிதத்தில் நேராகக் கால்குலஸ் 2க்குத் தாவ நினைப்பவர் கால்குலஸ் 1இன் பழைய இறுதித் தேர்வுத் தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பார்க்கட்டும். பாதி கேள்விகளில் திணறினால் அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளநிலைப் படிப்பில் செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுக்க வேண்டும் என்ற விதி, வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பாடங்களுக்கானது. ஐபியில் வந்த 24ஐக் காட்டி அதைக் குறைக்க முடியாது.