குறைந்த விலை டேப்லெட்டும் மெய்யெழுத்தின் புள்ளியும்

ஸ்கேன் செய்யப்பட்ட பழைய புத்தகம் ஒன்றைக் கைப்பேசியில் படித்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். பக்கத்தை இரு விரல்களால் விரித்து, வரியின் தொடக்கத்தைப் பிடித்து, வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போய், வரி முடிந்ததும் மறுபடி இடப்பக்கம் இழுத்து வருவதற்குள் அடுத்த வரி எதுவென்று தடம் தப்பிவிடுகிறது. முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை இந்த முறையில் இருபது பக்கங்களுக்கு மேல் என்னால் படிக்க முடிந்ததில்லை. இரவில் படம் பார்ப்பதும் இதே சிறிய திரையில்தான். சப்டைட்டில்களைப் படிக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் தலைவலிதான் மிஞ்சுகிறது. ஆகவே, படிப்பது, படம் பார்ப்பது என்ற இரண்டு வேலைகளுக்கு மட்டும் குறைந்த விலை டேப்லெட் ஒன்றை வாங்கலாமா, அது போட்ட பணத்துக்குப் பயன் தருமா என்று கடந்த சில வாரங்களாக நிதானமாக யோசித்தேன். யோசித்ததையும், அளந்து பார்த்ததையும், கடைசியில் எடுத்த முடிவையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நிதானமாக யோசித்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதே நோக்கத்தோடு மலிவான டேப்லெட் ஒன்றை வாங்கினேன். விளம்பரத்தில் பத்து அங்குலத் திரை, எட்டு கோர் புராசஸர், ஃபுல் எச்டி வீடியோ என்று எல்லாம் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து யூடியூபில் ஒரு காணொளியைப் போட்டபோது படம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மாதச் சந்தா கட்டியிருந்த ஓடிடி செயலியைத் திறந்து ஒரு படத்தை ஓடவிட்டவுடன், முகங்கள் எண்ணெய் தடவிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவைபோல மங்கலாகத் தெரிந்தன. இணைய வேகம்தான் போதவில்லை என்று எண்ணி இரண்டு வாரங்கள் ரவுட்டரோடு போராடினேன். குறை இணைப்பில் இல்லை, டேப்லெட்டின் சான்றிதழில் இருந்தது என்று தெரிந்துகொண்டபோது திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது.

வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி இதுதான் என்பதால், சற்று விளக்கமாகவே சொல்கிறேன். ஓடிடி நிறுவனங்கள் தங்கள் படங்களைப் பூட்டி அனுப்புகின்றன. ஆண்ட்ராய்டு கருவிகளில் அந்தப் பூட்டைத் திறக்கும் முறையின் பெயர் வைட்வைன். கூகுளுக்குச் சொந்தமான இந்த முறையில் எல்1, எல்2, எல்3 என்று மூன்று பாதுகாப்பு நிலைகள் உள்ளன. எல்1 நிலையில் பூட்டைத் திறக்கும் வேலை முழுவதும் சிப்புக்குள் இருக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதியில் நடைபெறுகிறது. எல்3 நிலையில் அதே வேலை வெறும் மென்பொருளில் நடப்பதால், படம் திருடப்பட்டுவிடும் என்ற அச்சத்தில் பெரும்பாலான சேவைகள் அந்தக் கருவிகளுக்கு 480பி என்ற குறைந்த தரத்தையே அனுப்புகின்றன. திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சந்தா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. யூடியூபில் உள்ள இலவசக் காணொளிகளுக்கு இந்தப் பூட்டு இல்லை. கடையில் நின்று யூடியூபை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறவர் ஏமாறுவது இங்கேதான். நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளுக்குள் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. கருவி எந்த வைட்வைன் நிலையில் உள்ளது, அதிகபட்சம் எந்தத் தரத்தில் படம் ஓடும் என்ற இரண்டு விவரங்களும் அங்கே வெளிப்படையாகத் தெரியும். டிஆர்எம் இன்ஃபோ என்ற சிறிய செயலியும் பாதுகாப்பு நிலையைக் காட்டிவிடும். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடங்கள் போதும்.

படிப்பதைப் பொறுத்தவரை, நான் முதலில் என்னிடமே கேட்டுக்கொண்ட கேள்வி, எதைப் படிக்கிறேன் என்பது. இபப், கிண்டில் போன்ற வடிவங்களில் வரும் மின்னூல்களின் எழுத்து திரைக்கு ஏற்றபடி மடங்கி ஓடும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மாறி அமைந்துகொள்ளும். அத்தகைய நூல்களை மட்டும் படிப்பவருக்குக் கைப்பேசியே போதும். மணிக்கணக்கில் படிப்பவரானால், அச்சிட்ட தாள்போலத் தெரியும் இ-இங்க் திரை கொண்ட படிப்பான் எந்த டேப்லெட்டையும்விட நல்லது. ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் அடர்த்தி, ஏறத்தாழ 200 கிராம் எடை, வாரக்கணக்கில் தாங்கும் பேட்டரி ஆகிய மூன்றையும் மலிவான டேப்லெட் ஒன்றால் தர முடியாது. இந்த வகை வாசகர் டேப்லெட் வாங்கினால், அதைப் படம் பார்ப்பதற்காக மட்டுமே வாங்குகிறார் என்று பொருள்.

என் நிலை வேறு. நான் படிப்பவற்றில் பாதிக்கு மேல் ஸ்கேன் செய்யப்பட்ட பிடிஎஃப்கள்: மறுபதிப்பு காணாத பழைய நூல்கள், சிற்றிதழ்கள், ஆய்வுக் கட்டுரைகள். இவற்றில் பக்கம் என்பது ஒரு படம். அது மடங்காது, திரைதான் பக்கத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். எனவே அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டெம்மி அளவிலான தமிழ்ப் புத்தகம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலமும் 21.5 செ.மீ. உயரமும் கொண்டது. 16:10 விகிதம் உள்ள 11 அங்குலத் திரையை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அகலம் 148 மி.மீ., உயரம் 237 மி.மீ. ஆகும். அதாவது டெம்மி பக்கம் அதன் உண்மையான அளவிலேயே முழுமையாகப் பொருந்திவிடுகிறது. 10.1 அங்குலத் திரையின் அகலம் 136 மி.மீ.; ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிட்டால் அதிலும் குறையில்லாமல் படிக்கலாம். சற்று ஒடுங்கிய வடிவில் வரும் 8.7 அங்குலத் திரையின் அகலமோ 113 மி.மீ. மட்டுமே. டெம்மியைவிடச் சிறிய கிரௌன் அளவுப் புத்தகங்களுக்கு அது ஓரளவு போதும். டெம்மிக்கு எழுத்து சிறுத்துவிடும். ஏ4 தாளில் அச்சான ஆய்வுக் கட்டுரை அதில் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருங்கிவிடும். ஏ4 தாளை முழு அளவில் காட்டும் டேப்லெட் குறைந்த விலையில் கிடையாது. 11 அங்குலத்திலும்கூட அது எழுபது விழுக்காடாகத்தான் தெரியும்.

அடுத்தது பிக்சல் அடர்த்தி. என் முடிவைத் தீர்மானித்தது இதுவே. மலிவான 10.1 அங்குல டேப்லெட்டுகள் பலவற்றில் திரை 1280க்கு 800 என்ற அளவில் இருக்கிறது. கணக்கிட்டால் அங்குலத்துக்கு 149 பிக்சல்தான் வருகிறது. இதே அங்குலத்தில் 1920க்கு 1200 திரை இருந்தால் 224. 11 அங்குலமானால் 206. எண்களாகச் சொன்னால் இந்த வேறுபாடு மனத்தில் பதிவதில்லை. என்னுடைய பழைய டேப்லெட்டையும் நண்பர் ஒருவரின் 11 அங்குல டேப்லெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பழைய நூலின் ஒரே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடிக்குறிப்பு வரிகளில், பழைய திரையில், மெய்யெழுத்தின் மேலிருக்கும் புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ பிக்சல்கள்தாம் கிடைத்திருந்தன; அவையும் சாம்பல் நிறத்தில் கரைந்து போயிருந்தன. புள்ளி போனதும் ‘ர்’ என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒற்றைக்கொம்பின் சுழியும் இரட்டைக்கொம்பின் சுழியும் ஒன்றாகக் குழம்பி, ‘பெறு’ என்பதா ‘பேறு’ என்பதா என்று சூழலை வைத்தே ஊகிக்க வேண்டியிருந்தது. நண்பரின் திரையில் அதே வரியில் புள்ளி புள்ளியாகவும் சுழி சுழியாகவும் தெரிந்தன. ஆங்கில எழுத்துகளைக் காட்டிப் போதும் என்று சொல்லப்படும் திரை, சுழிகளும் புள்ளிகளும் நிறைந்த நம் எழுத்துக்குப் போதாமல் போகலாம். தமிழ் படிக்க வாங்குகிறவர்கள் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இப்போது சிறிதும் ஐயமில்லை.

பெட்டியின்மேல் ஃபுல் எச்டி என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்தத் தரத்தில் உள்ள காணொளியைக் கருவி ஏற்றுக்கொள்ளும் என்பதற்கும், திரையில் அத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பதற்கும் வேறுபாடு உண்டு. எட்டு கோர் என்ற சொல்லும் அப்படிப்பட்டதே; கோர் என்பது சிப்புக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு. 2012இல் அறிவிக்கப்பட்ட கார்டெக்ஸ் ஏ53 கோர்கள் எட்டைச் சேர்த்தாலும் எட்டு கோர்தான். ஹீலியோ ஜி99 போன்ற சிப்பில் இரண்டு வலுவான ஏ76 கோர்களும் ஆறு சிறிய ஏ55 கோர்களும் இருந்தாலும் எட்டு கோர்தான். கனமான ஸ்கேன் பக்கத்தைப் புரட்டும்போது முந்தையது ஓரிரு நொடி வெள்ளையாக நிற்கும், பிந்தையது உடனே காட்டிவிடும். சேமிப்பகத்தில் ஒரு பகுதியை எடுத்து, ரேமோடு விர்ச்சுவல் ரேம் என்று கூட்டிச் சொல்லும் கணக்கையும் கழித்தே பார்க்க வேண்டும். என் பயன்பாட்டுக்கு உண்மையான 4 ஜிபியே குறைந்தபட்சம்.

மலிவான டேப்லெட் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்குச் சேமிப்பகத்திடம் பாதி விடை இருக்கிறது. விலை குறைந்த கருவிகளில் இஎம்எம்சி வகை நினைவகமே பொதுவாக இருக்கும். அது விலை கூடிய கருவிகளில் இருக்கும் யுஎஃப்எஸ் வகையைவிடப் பல மடங்கு மெதுவானது, நிரம்ப நிரம்ப இன்னும் தளர்ந்துபோகும். 32 ஜிபி என்று சொல்லி விற்கப்படுவதில் இயங்குதளமே கணிசமான பங்கை எடுத்துக்கொள்வதால், படங்களைத் தரவிறக்கி வைப்பவர்கள் 64 ஜிபிக்குக் கீழே போகாமல், மெமரி கார்டு போடும் வசதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. மீதிப் பாதி விடை மென்பொருள் புதுப்பிப்பில் இருக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டு வரும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லாத டேப்லெட்டை நான் பட்டியலிலிருந்தே நீக்கினேன். நாளடைவில் ஓடிடி செயலிகள் பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளைக் கைவிட்டுவிடும். அன்றோடு அந்தக் கருவியில் படம் பார்ப்பது முடிந்துவிடும்.

வைஃபையில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் இருபுறமும் இருந்தால் நல்லது. ஒரே பக்கத்தில் இருந்தால் படுக்கைவாட்டில் பிடிக்கும்போது கை அவற்றை மூடிவிடுகிறது. பேட்டரியைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. ஆனால் 7000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 10 வாட் சார்ஜரில் போட்டால் நிரம்ப மூன்று மணி நேரத்துக்கு மேலாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எடையைப் பற்றிய என் கணிப்பு தவறாகிவிட்டது. அரைக் கிலோ என்ன பெரிய சுமை என்று நினைத்திருந்தேன். நண்பரின் டேப்லெட்டைப் படுத்தபடி ஒரு கையில் பிடித்துப் படித்தபோது, பத்தாவது நிமிடத்திலேயே மணிக்கட்டு கெஞ்சத் தொடங்கியது. பெரிய திரை வேண்டுமென்றால் தலையணைமீதோ தாங்கியிலோ வைத்துப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். கையிலேயே பிடித்துப் படிப்பதுதான் வழக்கம் என்றால் எட்டு அங்குல வகையே பொருந்தும்.

இன்னொரு வழியையும் ஆராய்ந்தேன். மலிவான புது டேப்லெட்டுக்குப் பதிலாக, நல்ல டேப்லெட் ஒன்றைப் பழையதாக வாங்கலாம். 10.2 அங்குல ஐபேட் வகையில் 2021இல் வந்தது வரை எல்லாவற்றிலும் திரை 4:3 விகிதம், அங்குலத்துக்கு 264 பிக்சல். அதை நிமிர்த்திப் பிடித்தால் அகலம் 155 மி.மீ.; 11 அங்குல 16:10 திரையைவிடவும் அகலம். படிப்பதற்கு அதுவே மேல் என்று மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படம் பார்க்கும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் பெரிதாக வந்து, படம் 16:10 திரையில் தெரிவதைவிடச் சிறுத்துவிடுகிறது. தவிரவும், பழைய கருவியின் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது, புதுப்பிப்புகள் இன்னும் எத்தனை காலம் வரும் என்ற இரண்டு கவலைகள் கூடவே வருகின்றன. படிப்பு மட்டுமே என் தேவையாக இருந்திருந்தால் அந்தப் பக்கம் போயிருப்பேன்.

இவ்வளவுக்கும் பிறகு, முடிவெடுப்பதற்கு முன் இரண்டு வாரங்கள் ஒரு சிறு நோட்டில் குறித்து வந்தேன்: கைப்பேசியில் படிக்கத் திறந்து, சலித்து மூடிவைத்த பிடிஎஃப்கள் எத்தனை, சிறிய திரை என்பதற்காகவே தள்ளிப்போட்ட படங்கள் எத்தனை என்று. பதினான்கு நாள்களில் பிடிஎஃப்கள் பதினொன்று, படங்கள் மூன்று. படங்கள் மூன்று மட்டும் என்றால் வாங்கியிருக்க மாட்டேன். பதினொன்று என்ற எண்தான் என்னை வாங்க வைத்தது. 11 அங்குலம், 1920க்கு 1200, எல்1 சான்றிதழ், 4 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பகம் என்ற அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

செய்தி கேட்டு என் அக்கா, “அப்படியானால் நானும் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். அவர் படிப்பதெல்லாம் நாவல்கள். படம் பார்ப்பதெல்லாம் கூடத்துத் தொலைக்காட்சியில். “வேண்டாம் அக்கா, உங்களுக்கு இ-இங்க் படிப்பான்தான் சரி” என்று சொல்லிவிட்டேன். என்னுடையது வந்து சேர்ந்த அன்று மாலை, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று, முதலில் நெட்ஃபிளிக்ஸின் அந்தப் பக்கத்தைத் திறந்து எல்1 என்று இருப்பதை உறுதி செய்துகொண்டேன். பிறகு அதே பழைய நூலின் அதே பக்கத்தைத் திறந்தேன். அடிக்குறிப்பில் இருந்தது ‘பேறு’.