திரும்பி வந்த ஹைட்ரஜன்

மார்ச் 4
பிரோல் என்ற வளைய மூலக்கூறின் மீது ஒளி பட்டால் அதன் ஹைட்ரஜன் எப்படிப் பிரிகிறது என்று கணினியில் கணக்கிடுகிறேன். அதில் 10 அணுக்கள், அதிர்வதற்கு 24 வழிகள். வழிக்குப் பத்தே புள்ளி வைத்தாலும் 10இன் அடுக்கு 24 எண்கள்! எந்தக் கணினியிலும் அடங்காது. 1990இல் ஹைடல்பெர்க்கில் மேயர், மாந்தே, செடர்பாம் கொண்டுவந்த எம்.சி.டி.டி.எச். என்ற கணக்கு முறை இந்தச் சுமையை நன்றாகவே குறைக்கிறது. நான் இப்போதைக்கு இரண்டு வழிகளோடு நிற்கிறேன்: நைட்ரஜனை விட்டு ஹைட்ரஜன் விலகுவது, வளையத்துக்கு மேலும் கீழும் அது ஆடுவது. போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, முடிய ஏழு மாதம்.

மார்ச் 9
ஒளி பட்டதும் அலைப்பொதி (ஹைட்ரஜன் எங்கே இருக்கலாம் என்று சொல்லும் குவாண்டம் அலை) மேல் ஆற்றல் பரப்புக்கு ஏறி, சரிந்து, வெளியே ஓடுகிறது. கிளம்பிய இடத்தில் அதன் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் கோடு பூஜ்யத்தில் படுத்துவிட்டது. சரி. ஆனால் 150 ஃபெம்டோ நொடியில் (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) சின்னதாக ஒரு மேடு. போன ஹைட்ரஜன் திரும்புகிறதா? இரவே பேப்பருக்குத் தலைப்பு யோசித்துவிட்டேன். ஆய்வுத் திட்டத்திலும் ஒரு பத்தி சேர்த்தாயிற்று.

மார்ச் 11
பேராசிரியர் படத்தைப் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி: "கட்டம் எவ்வளவு நீளம்?"

கட்டம் என்பது கணக்குக்காக இடத்தில் வரிசையாக வைத்த புள்ளிகள். என்னுடையது 10 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). 1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு ஓடும் ஹைட்ரஜன் ஒரு ஃபெம்டோ நொடியில் ஏறக்குறைய 0.14 ஆங்ஸ்ட்ராம் போகும். போக 10, வர 10. 143 ஃபெம்டோ நொடி. நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்க இன்னும் கொஞ்சம். காகிதத்தின் மூலையில் முடிகிற கணக்கு, இரண்டு நாளாக எனக்குத் தோன்றவில்லை. கட்டத்தை 15 ஆக்கினேன். மேடு 220க்கு நகர்ந்தது. விளிம்பில் மோதித் திரும்பிய அலை, அவ்வளவுதான்.

மார்ச் 16
கட்டத்தின் விளிம்புக்கு முன், வரும் அலையை உறிஞ்சும் சுவர் ஒன்றைக் கணக்கில் வைத்தேன். மெலிதாக வைத்தால் அலை அதைத் தாண்டிப் போய் விளிம்பில் மோதுகிறது. அழுத்தமாக வைத்தால் சுவரிலேயே மோதித் திரும்புகிறது. இடைப்பட்ட அளவு கிடைக்க நான்கு நாள், முப்பதுக்கும் மேல் கணினி ஓட்டம். இதெல்லாம் பேப்பரில் ஒரு வரியாகத்தான் வரும்.

மார்ச் 19
மேடு போயே போய்விட்டது. ஆய்வுத் திட்டத்திலிருந்து அந்தப் பத்தியை எடுத்தேன். இரண்டு பக்கம் கேட்கிறார்கள், இப்போது ஒன்றே முக்கால்தான் இருக்கிறது. அப்புறம் பழைய ஓட்டங்களைப் புரட்டினேன். கூம்பு வெட்டில், அதாவது இரண்டு ஆற்றல் பரப்புகள் தொடும் இடத்தில், அலை இரண்டுக்கும் பிரிவது முதல் 100 ஃபெம்டோ நொடிக்குள் நடக்கிறது. அதுவரை பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றே. நாளை மிச்சக் கால் பக்கத்தில் இதை எழுத வேண்டும்.