முதுசம் வீட்டு அயலவரும் எங்கட பங்குக் கிணறும்

திருகோணமலை பாலையூற்றில எங்கட வளவுக்குப் பக்கத்து வீடு ஒரு முதுசம் வீடு, தாய் தகப்பன் வழியா வந்தது. தாய் தகப்பன் உறுதி ஒண்டும் எழுதாமலே செத்துப்போச்சினம், பிள்ளையள் நாலு பேர், இப்ப இருக்கிறது மூத்தவர் மட்டும், மற்றவை கொழும்பிலயும் கனடாவிலயும். மனுசன் கிடுகு வேலியைப் பிரிச்சு தகரம் அடிக்கேக்க எங்கட பக்கம் தள்ளி அடிச்சார், பிறகு பங்குக் கிணத்துக்குப் போற பாதைக்கு கேட் போட்டு பூட்டும் போட்டுட்டார். கேட்டா "இது எங்கட அப்பான்ட கிணறு" எண்டு ஒரே கதை.

நான் முதல்ல போனது காணிப் பதிவகத்துக்கு. கனபேர் சண்டையெல்லாம் பிடிச்சு முடிஞ்ச பிறகுதான் அங்க போறவை. ரெண்டு காணிக்கும் பதிவுப் பிரதி எடுத்தன். அம்மான்ட சீதன உறுதியில கிணத்துப் பங்கும் வழியும் தெளிவா எழுதிக் கிடந்துது. அவையின்ட காணி இன்னும் தகப்பன்ட பேரிலதான், அப்ப இவர் நாலில ஒரு பங்குக்காரர், அவ்வளவுதான்!

ஜி.எஸ் (கிராம சேவகர்) வந்து பாத்து நல்லபடியா கதைச்சார், ஆனா தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லைத்தானே. பொலிஸுக்குப் போனா சில நேரம் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின்ட 66ஆம் பிரிவில கோட்டுக்கு அனுப்புவினம், அங்க காணி ஆரின்ட கையில இருந்தது எண்டுதான் பாப்பினம், ஆருக்குச் சொந்தம் எண்டது வேற வழக்கு. அதுக்காக சும்மா இருக்கவும் ஏலாது, 10 வருசம் ஆள் தடையில்லாமல் ஆண்டா ஆட்சியுரிமை கேட்டு வருவார்.

அதால ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு இணக்கிப் பாக்கிற மத்தியஸ்த சபைக்கு எழுதிக் குடுத்தன். 1988இல வந்த சட்டம், லோயர் வந்து கதைக்க ஏலாது, எங்கட பக்கம் ஒரு மத்தியஸ்தரை நாங்க தெரியலாம், எதிர்ப் பக்கம் ஒராளைத் தெரியலாம், அந்த ரெண்டு பேரும் மூண்டாமாளைத் தெரிவினம். இணக்கம் வராட்டி அதுக்கு ஒரு சான்றிதழ் தருவினம், அதோட கோட்டுக்குப் போகலாம். முதல் தரம் ஆள் வரவே இல்லை, அடுத்த தரம் வந்து கத்தினார்.

பிறகு நான் கனடாவில இருக்கிற அவரின்ட தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில உறுதியையும் சர்வேயர் கீறின பிளானையும் அனுப்பினன். சின்னனில எங்களோட விளையாடின பிள்ளை. "அண்ணா கேட்டை அடைச்சது எங்களுக்குத் தெரியாது அக்கா, நான் கதைக்கிறன்" எண்டா. மனுசன் மத்தியஸ்தருக்கு அடங்கேல்லை, தங்கச்சிக்கு அடங்கிட்டார், காசு அனுப்புறது அவதானே.

இணக்கத்தில கிணறு திறந்து விடுறது எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சார். எல்லையைப் பற்றி எழுத மத்தியஸ்தர் விடேல்லை, அது சரிதான், மற்ற மூண்டு பேரும் ஒப்பாமல் இவர் தனியா வைக்கிற கையெழுத்தை நாளைக்கு அவையள் கேள்வி கேக்கலாம். இப்ப தங்களுக்காகக் கையெழுத்து வைக்க ஒராளுக்கு அதிகாரம் குடுக்கிற அவையின்ட அற்றோணித் தத்துவம் வரும் வரைக்கும் தகரம் நிண்ட இடத்திலதான் நிக்குது, முருங்கைக் குப்பையும் வழமை போல எங்கட பக்கந்தான் கொட்டுறார்.