சூரியனுக்கு முன்னால் ஓடும் கடிகாரம்

"வருகிற ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை எங்கள் ஊரில் கிடையாது. கணினிகளை அதற்கேற்பத் தயார் செய்துவிடுங்கள்." மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகர் பெர்த்திலிருந்து வந்த மின்னஞ்சலின் சாரம் இவ்வளவுதான். 2006 நவம்பர் கடைசி. கும்பகோணத்துக்காரனான எனக்குக் கரண்ட் இல்லாத மணி தெரியும், குழாயில் தண்ணீர் வராத மணி தெரியும், நல்ல காரியம் தொடங்கக் கூடாத மணியும் தெரியும். மணியே இல்லாத மணியை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அப்போது கோலாலம்பூரில் இருந்தபடி பெர்த்தில் உள்ள ஒரு சுரங்க நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் குழுவின் வேலை. கோலாலம்பூரும் பெர்த்தும் கிரீன்விச்சுக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர்கள். அவர்கள் அலுவலகம் திறக்கும்போது நாங்களும் திறப்போம், அவர்கள் சாப்பிடப் போகும்போது நாங்களும் போவோம். இரண்டு ஊருக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே கடிகாரம். எனக்குத் தனியாக இன்னொரு கடிகாரம் மனசுக்குள் ஓடும். அது இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும் அம்மாவின் கடிகாரம். மதியம் ஒன்றரை அடித்தால் அங்கே பதினொன்று, சாதம் வடித்திருப்பாள் என்று ஒரு கணக்கு. பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்து, எந்தக் கடையில் சாம்பார் நன்றாக இருக்கும் என்பது வரை தெரிந்துகொண்டு, சரி, ஊர் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலும் இந்தக் கணக்கு நிற்கவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது இது. பகல் சேமிப்பு என்ற பெயரில் கோடையில் (அங்கே கோடை டிசம்பரில்) கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கலாமா என்று 1975, 1984, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மக்களிடம் வாக்கெடுத்துக் கேட்டார்கள். மூன்று முறையும் வேண்டாம் என்றே பதில் வந்தது. 2006-ல் நாடாளுமன்றமே முடிவெடுத்து, மூன்று ஆண்டு சோதித்துப் பார்ப்போம் என்று சட்டம் போட்டது. நவம்பர் பிற்பாதியில் சட்டம் நிறைவேறியது, டிசம்பர் 3 அதிகாலை இரண்டு மணிக்கு அமல். நடுவில் இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை.

கடிகாரத்தைத் தள்ளிவைக்க இரண்டு வாரம் எதற்கு என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். கைக்கடிகாரமாக இருந்தால் திருகைத் திருப்பினால் போதும். கணினி அப்படி இல்லை. அது உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தை மட்டும்தான் எண்ணுகிறது. திரையில் நாம் பார்ப்பது, அதோடு ஊருக்கு ஏற்ற விதியைச் சேர்த்து அது சொல்லும் பதில். பெர்த்துக்கான விதியில் "கோடை நேரம்" என்ற பேச்சே கிடையாது. விண்டோஸ் எக்ஸ்பியில் சிட்னியைத் தேர்ந்தெடுத்தால், பகல் சேமிப்புக்குத் தானாகவே மாற்றவா என்று கேட்கும் சின்னக் கட்டம் கீழே வரும். பெர்த்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கட்டமே மறைந்துவிடும். புது விதியை ஒவ்வொரு கணினிக்குள்ளும் நாம்தான் கொண்டுபோய் எழுத வேண்டும். லினக்ஸில் நேர மண்டலக் கோப்புகளைப் புதுப்பிக்க வேண்டும். ஜாவாவோ தனக்கென்று தனியாக ஒரு நேரப் பட்டியல் வைத்திருக்கும். அதற்குத் தனி வைத்தியம்.

பொறுமை இல்லாதவர்கள் கடிகாரத்தைக் கையால் ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். திரையில் நேரம் சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் பொது நேரம் ஒரு மணி தவறிப்போயிருக்கும். சர்வருக்கும் கணினிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே வலையமைப்பு உள்ளே விடாது. கடவுச்சொல் சரியாக இருந்தும் கதவு திறக்காது. இன்னும் சிலர் பெர்த்தை விட்டுவிட்டு, ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கும் டோக்கியோவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். இது வேலை செய்தது, மார்ச் கடைசியில் நினைவாகத் திருப்பிவைத்தால். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி அவுட்லுக் நாட்காட்டிதான். டிசம்பரில் காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று முன்கூட்டியே குறித்துவைத்திருந்தவர்களுக்கெல்லாம், புது விதி ஏறியதும் அது பதினொன்று என்று காட்டியது. அதைச் சரிசெய்வதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒரு அண்ணன், இந்த ஊர்க்காரர். பழைய சர்வர் அறை மனிதர், நிதானமானவர். நான் அந்த மின்னஞ்சலைக் காட்டி, "என்னண்ணே இது, கவர்மெண்ட் சொன்னா மணி மாறிடுமா?" என்று கேட்டதற்கு, "ஏன் தம்பி, இங்கயும் மாத்தினாங்களே. தெரியாதா உனக்கு?" என்றார்.

தெரியாது. மண்டலக் கோப்பைத் திறந்து கோலாலம்பூரைத் தேடினேன். ஒரே பத்தியில் ஒரு நூற்றாண்டு அடுக்கிவைக்கப்பட்டிருந்தது. ஊரின் சொந்தச் சூரிய நேரம் கிரீன்விச்சுக்கு ஆறு மணி நாற்பத்தாறு நிமிடச் சொச்சம் முன்னால். 1901-ல் சிங்கப்பூர் நேரத்துக்கு மாறி 6:55. 1905-ல் 7:00. 1933-ல் பகல் சேமிப்பு என்று இருபது நிமிடம் கூடியது, பிறகு அதுவே நிலைத்துவிட்டது. 1941-ல் 7:30. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் டோக்கியோ நேரம், 9:00. 1945-ல் மறுபடி 7:30. கடைசி வரி 1982 ஜனவரி 1, 8:00. ஒவ்வொரு முறை கை வைத்தபோதும், அந்த ஜப்பான்காரன் நேரத்தைத் திருப்பியதைத் தவிர, ஊர் சூரியனை விட்டு விலகியே வந்திருக்கிறது. டோக்கியோவைத் தேர்ந்தெடுத்துச் சமாளித்த பெர்த்துக்காரர்களை நினைத்துக்கொண்டேன். இந்த ஊர் மூன்றரை வருடம் அந்த நேரத்தில் போரோடும் பசியோடும் எழுந்திருக்கிறது.

1982-ல் எதற்கு மாற்றினார்கள் என்பதை அண்ணன் சொன்னார். கடலுக்கு அப்பால் இருக்கும் மலேசிய மாநிலங்களான சபாவும் சரவாக்கும் ஏற்கனவே எட்டு மணி நேரக் கணக்கில் இருந்தன. மகாதீர் பிரதமரான அதே வருடக் கடைசியில், நாடு முழுக்க ஒரே நேரம் என்று முடிவாயிற்று. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். புத்தாண்டு அரை மணி நேரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. "எங்களுக்கு ஜாலிதான், பட்டாசு சீக்கிரம் வெடிச்சோம்" என்றார். அப்புறம் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

அவர் அம்மா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த வேலை இருட்டிலேயே தொடங்கும். பெரட்டு எடுப்பது, அதாவது வேலைக்கு முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது, கடிகார மணிக்கு. மணியை அரை மணி தள்ளியதும், அந்த அரை மணி நேரமும் இருட்டாகவே வந்து சேர்ந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்புக்குப் பயந்து காலால் தட்டித் தட்டி நடக்க வேண்டிய தூரம் கூடிப்போனது. அந்த அம்மாவிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை.

என் உடம்பு இத்தனை நாள் எதை எதிர்த்து முரண்டு பிடித்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் எனக்குப் பழகாத ஒரே விஷயம் காலை. சாப்பாடு பழகியது, மழை பழகியது, மாமாக் என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் கடையில் நடுராத்திரி தே தாரேக் என்ற ஆற்றிய டீ குடிப்பது பழகியது. காலை ஆறரைக்கு ஜன்னலைத் திறந்தால் கும்மிருட்டு என்பது மட்டும் பழகவே இல்லை. கோலாலம்பூரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எட்டிப் பார்க்கும். பிப்ரவரியில் ஏழரையை நெருங்கிவிடும். சூரியக் கணக்கைவிட ஒரு மணி பதின்மூன்று நிமிடம் முன்னால் ஓடுகிற கடிகாரம் இது. பெர்த்துக்காரர்கள் மூன்று வருடம் சோதித்துப் பார்க்கப் போகிற பகல் சேமிப்பில், இந்த ஊர் வருடம் பன்னிரண்டு மாதமும் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

எங்கள் தெருவில் ஐந்தரைக்கு முற்றம் தெளிக்கும் சத்தம் கேட்கும். வைகாசியில் ஐந்தே முக்காலுக்கே சூரியன் வந்துவிடும். ஐந்தரைக்கே காக்கை கத்தும், பால்காரர் சைக்கிள் மணி அடிப்பார். அம்மா கோலம் போட்டு நிமிரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். எழுந்ததும் வெளிச்சம் என்பதை நான் ஒரு வசதியாக நினைத்ததே இல்லை. தானாக வருவது என்றே இருந்துவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருந்த வீட்டு அக்கா, ஆறு மணிக்கு மின்விளக்கு வெளிச்சத்தில் வாசலில் சின்னதாகக் கோலம் போடுவார். என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டீங்களா?" என்பார். நடு இரவில் சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல இருக்கும் எனக்கு.

ராகு காலம் இன்னொரு விஷயம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது என்று ஊரில் மனப்பாடம். அந்தக் கணக்கு சூரியன் ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறைந்தால் வருவது. பகலை எட்டாகப் பிரித்து, திங்களன்று இரண்டாவது பங்கு. டிசம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஏழைத் தாண்டிச் சில நிமிடத்தில் உதயம், மாலையும் ஏழைத் தாண்டித்தான் அஸ்தமனம். ஆக, திங்கள் ராகு காலம் ஏறக்குறைய எட்டரையிலிருந்து பத்து. நான் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "அப்போ நீ போன திங்கட்கிழமை எத்தனை மணிக்கு பேங்க்குக்குப் போனே?"

டிசம்பர் 2 சனிக்கிழமை இரவு அலுவலகத்திலேயே இருந்தோம். இரண்டு திரைகளை அருகருகே வைத்திருந்தோம், ஒன்றில் பெர்த், ஒன்றில் கோலாலம்பூர். இரண்டிலும் 1:59:57, 58, 59. அடுத்த நொடி ஒன்றில் 2:00:00, மற்றதில் 3:00:00. சர்வர்கள் ஒவ்வொன்றாகப் பச்சை காட்டின. சுரங்கத்தில் இரவு ஷிப்ட் நேரப் பதிவும் பிசகவில்லை. அண்ணன் என் தோளில் தட்டினார். பக்கத்து மேசை சீனப் பெண் கைதட்டினார். கும்பகோணத்தில் மணி பதினொன்றரை. அம்மா தூங்கியிருப்பாள், என் கையில் இருந்த நல்ல செய்தியைச் சொல்ல விடியும்வரை காத்திருக்க வேண்டும். எந்த விடியல் என்று கேட்டால், அவளுடையது. அது என்னுடையதைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வரும்.

2009 மே 16-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் வாக்கெடுப்பு. ஏறக்குறைய 55 விழுக்காடு பேர் வேண்டாம் என்று சொன்னார்கள். நான்காவது முறையாகவும் சூரியன் ஜெயித்தது. எனக்கு அந்த ஊரில் ஓட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அன்று மனசு நிறைந்து போயிற்று. மக்களிடம் கேட்டார்கள், அவர்கள் சொன்னதைக் கேட்டு நடந்தார்கள். பெர்த்துக்கென்று தனியாகச் சுவரில் மாட்டியிருந்த இரண்டாவது கடிகாரத்தை அண்ணன்தான் கழற்றினார். சட்டம் போனாலும் கோப்பில் இருக்கும் அந்த மூன்று கோடைக்கான விதிகளை அழிக்கக் கூடாது என்று புதிதாக வந்த பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். அழித்தால் அந்த மூன்று வருடப் பழைய பதிவுகள் எல்லாம் ஒரு மணி நேரம் தவறிப்போகும்.

இப்போது எனக்கு இங்கேயே குடும்பம், வீடு. மகள் இங்கேதான் பிறந்தாள். அவள் பள்ளி வேன் ஆறரைக்கு வரும். சூரியக் கணக்கில் அது ஐந்தே கால். தூக்கம் கலையாமல் பையை மாட்டிக்கொண்டு இருட்டில் ஏறுகிற குழந்தையைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பொறுக்காது. பள்ளிக்கூடம் ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கினால் என்ன கெட்டுப்போய்விடும்?

போன முறை விடுமுறைக்குக் கும்பகோணம் போனபோது, வாசலில் அம்மா புள்ளி வைத்துக்கொண்டிருந்த நேரம் மகள் எழுந்து வந்துவிட்டாள். "பாட்டி, ஆறு மணிதானே? எப்படி இவ்ளோ வெளிச்சம்?" என்று கேட்டாள். நான் நடுவில் புகுந்து 1905, 1933, 1982 என்று எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஊரெல்லாம் கம்ப்யூட்டர்ல மணியைச் சரி பண்றேங்கிறியே, அந்த ஸ்கூல்ல போய் இதைச் சொன்னியா நீ?"