எதுக்கும் ஒரு தடவை

"எதுக்கும் ஒரு தடவை கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிருங்கக்கா." நான் கடைசியாகச் சொன்னது இதுதான். அதற்கு முன்னால் "பயப்படாதீங்க" என்றேன். அதற்கும் முன்னால் அந்த அக்கா "புத்து கித்து ஏதும் இருக்குமா சிஸ்டர்?" என்று கேட்டார். நான் "சேச்சே" என்றேன்.

இந்த வரிசையை மனசுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சில நாள் "சேச்சே" உறுத்தும். சில நாள் "எதுக்கும்". இரண்டில் எது அவரை வீட்டோடு நிறுத்தியது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு அவர் பிரஷர் மாத்திரை வாங்கத்தான் வந்தார். வயது 46. மேல்மலைக்காரர், பூண்டுக் காட்டு வேலை. முப்பது தாண்டிய எல்லாரிடமும் கேட்பது போல அவரிடமும் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லி மாசாமாசம் கேட்டேன். மூன்று மாசம் தட்டிக் கழித்துவிட்டு நான்காவது மாசம் ஒத்துக்கொண்டார். வெள்ளைப்படுதா என்றால், "யாருக்குத்தான் படல" என்றார். வீட்டுக்காரரோடு இருந்த பிறகு ரத்தம் படுமா என்று கேட்டதற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ரிஜிஸ்டரில் "இல்லை" என்று எழுதினேன். அந்த "இல்லை" என் கையெழுத்து. அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

டெஸ்ட் ரொம்பச் சாதாரணமானது. உள்ளே பார்க்க வசதியாக விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியைப் போட்டு, 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒரு நிமிஷம் வைக்க வேண்டும். நல்ல இடம் ரோஸ் நிறத்திலேயே இருக்கும். மாற ஆரம்பித்த செல்கள் வெளுக்கும். பிறகு லூகால் அயோடின் தடவினால் நல்ல இடம் கருப்பட்டி நிறத்துக்குப் போகும், சந்தேகப்படுகிற இடம் நிறம் ஏறாமல் மஞ்சளாக நிற்கும். வெறும் கண், ஒரு விளக்கு, அவ்வளவுதான். அந்த அக்காவுக்குக் கர்ப்பப்பை வாயின் மேல் உதட்டில், கடிகாரக் கணக்கில் 11 மணியிலிருந்து 2 மணி வரை, சுண்ணாம்பு பூசியது போலக் கெட்டியான வெள்ளை. ஓரம் கத்தரித்தது மாதிரி இருந்தது. வெளிப்பக்கத்து ஓரம்தான் தெரிந்தது. மறு ஓரம் உள்ளே துவாரத்துக்குள் போய்விட்டது, எங்கே முடிகிறது என்று பார்க்க முடியவில்லை. அயோடினுக்கும் மஞ்சளாகவே நின்றது.

முடிவு தெரியாமல் உள்ளே போகிற வெள்ளையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் "சேச்சே" என்றேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். வெள்ளை தெரிந்தால் கேன்சர் என்று அர்த்தமில்லை. கிருமித் தொற்றில் வெளுக்கும், புண் ஆறும்போது வெளுக்கும், வயதுக்கேற்ப சதை இயல்பாக மாறுகிற இடத்திலும் வெளுக்கும். இப்படி அனுப்பப்படுகிற பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. நாங்கள் செய்வது சலித்தெடுக்கும் வேலை. நோயை உறுதிப்படுத்துவது வேறு. கால்போஸ்கோப்பில் பெரிதுபடுத்திப் பார்த்து, சந்தேகமான இடத்தில் அரிசி அளவுக்குச் சதை கிள்ளி எடுத்து (இதுதான் பயாப்சி), அதை நோய்க்குறியியல் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதிக் கொடுக்கிற வரைக்கும் கேன்சர் என்று டாக்டரே சொல்லக் கூடாது. நான் எப்படிச் சொல்வேன்?

அப்படியானால் "சேச்சே" மட்டும் எப்படிச் சொன்னேன்? உண்டு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையென்றால், இல்லை என்று சொல்லவும் இல்லைதானே. தெரியாது என்பதுதான் அந்த நிமிஷத்தின் நிஜமான பதில். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வரவில்லை.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் கீழ்மலையிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் நான் நேராகவே சொன்னேன், புற்றுநோயின் ஆரம்பமாக இருக்கலாம், உடனே போங்கள் என்று. உடனே போனார். பயாப்சியில் வெறும் அழற்சி என்று வந்தது. ஆனால் ரிப்போர்ட் வர எடுத்த அந்த மூன்று வாரத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்து, மாமியார் அவருக்குத் தனித் தட்டு எடுத்து வைத்துவிட்டார். ரிப்போர்ட் நல்லபடியாக வந்த பிறகும் அந்தத் தட்டு தனியாகவே இருந்தது என்று அவரே வந்து சொல்லிவிட்டு அழுதார். "பாசிட்டிவ்" என்ற சொல்லையும் அதோடு விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், எய்ட்ஸ்.

ஆக, ஒருத்தியைப் பயமுறுத்திய குற்றத்துக்கு இன்னொருத்தியிடம் பரிகாரம் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாமா? எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு மத்தியானம் வரிசையில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள் என்பதும் உண்மை.

ரெஃபரல் சீட்டு கொடுத்தேன். இரண்டு தடவை போன் பண்ணினேன். நம்பர் வீட்டுக்காரருடையது. முதல் தடவை, "குழந்தை வேலப்பர் தேர் முடியட்டும்" என்றார். இரண்டாவது தடவை, "பூண்டு எடுத்துட்டு வர்றோம், அவளுக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டீங்களே" என்றார். இல்லை, அப்படிச் சொல்லவில்லை என்று நான் ஆரம்பிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். அவர் வாராவாரம் பூண்டு மூட்டையோடு வடுகபட்டி சந்தைக்கு மலை இறங்குகிறவர். அந்த வண்டியிலேயே அக்காவையும் ஏற்றி விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றியது ஒரு வருஷம் கழித்து.

14 மாசம் கழித்து ரத்தப்போக்கோடு வந்தார். அமிலமும் வேண்டியிருக்கவில்லை, அயோடினும் வேண்டியிருக்கவில்லை. பஞ்சு பட்டதும் ரத்தம் வந்தது. அன்றைக்கு நான் "எதுக்கும்" என்று சொல்லவில்லை. பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்று வந்தது, புற்றுதான். பரிசோதித்து, எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, பக்கத்துத் திசுவுக்கும் பரவியிருக்கிறது, இரண்டாம் நிலை பி என்றார்கள். ஆபரேஷன் கட்டம் தாண்டிவிட்டது, கதிர்வீச்சும் வாரம் ஒரு கீமோவும்தான் என்று மதுரையில் ஐந்து வாரத்துக்கு மேல் தங்க வைத்தார்கள்.

என்னை நானே காப்பாற்றிக்கொள்ள ஒரு கணக்குப் போட்டேன். இந்தப் புற்றுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் ஒட்டிக்கொண்டு, செல்கள் மாறி, அது புற்றாக ஆவதற்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அதனால்தான் முப்பது வயதிலிருந்து டெஸ்ட் எடுத்தால் பிடித்துவிடலாம் என்கிறார்கள். அவ்வளவு மெதுவாக நடக்கிற காரியத்தில் 14 மாசம் என்பது ஒன்றுமே இல்லை, என் ஒரு வார்த்தையால் எதுவும் ஆகிவிடவில்லை என்று ஒரு ராத்திரி ஆறுதலாகத் தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போது அதே கணக்கு திரும்பி நின்றது. 14 மாசம் போதாது என்றால் அன்றைக்கே புற்று இருந்திருக்கிறது. நான் பார்த்தது அதைத்தான். அதைப் பார்த்துத்தான் "சேச்சே" என்றிருக்கிறேன்.

எங்கள் டாக்டரிடம் கேட்டேன். "உள்ளே இறங்கியிருந்தா வெளியே தெரிஞ்சிருக்காதும்மா. நீ ரெஃபர் பண்ணியிருக்கே, ரிஜிஸ்டர்ல இருக்கு, விடு" என்றார். ரிஜிஸ்டரில் இருக்கிறதுதான். எந்த ஆடிட்டிலும் என் மேல் குறை வராது.

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களை வைத்துத்தான் இந்த அமில டெஸ்ட்டைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 2000த்தில் ஆரம்பித்தது, பயிற்சி பெற்ற நர்சுகள்தான் டெஸ்ட் எடுத்தார்கள். 30 முதல் 59 வயது வரை, டெஸ்ட்டுக்குக் கூப்பிட்ட 49,311 பெண்கள் ஒரு பக்கம், கூப்பிடாத 30,958 பெண்கள் மறு பக்கம். ஒரே ஒரு தடவை எடுத்த டெஸ்ட்டுக்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வந்தது. நம் மாவட்டம், நம் நர்சுகள் என்று பயிற்சியில் கேட்டபோது எனக்கு ரோமம் சிலிர்த்தது. இப்போது அந்த 35ஐ நினைத்தால் வேறு ஒன்று தோன்றுகிறது. பஞ்சு வைத்ததால் யாரும் பிழைக்கவில்லை. அடுத்த கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த நர்சுகள் என்ன வார்த்தை சொல்லி அனுப்பினார்களோ.

அக்கா இப்போது தேறி வருகிறார். போன மாசம் ஒரு பை மலைப்பூண்டு கொண்டுவந்தார். வரிசையில் இருந்த பெண்களிடம் என்னைக் காட்டி, "இந்த சிஸ்டரு அப்பவே போகச் சொன்னாங்க, நான்தான் கேக்கல" என்றார். நான் குறுக்கே பேசவில்லை. பூண்டை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்தேன். அன்றைக்கு மட்டும் நான்கு பேர் தாங்களாகவே டெஸ்ட்டுக்கு வந்தார்கள். அப்புறம் எதற்கு மறுத்துப் பேச வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நான்கு பேரில் ஒருவருக்கு வெள்ளை தெரிந்தது. சின்னது, ஓரமெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவரும் அதையேதான் கேட்டார். இந்தத் தடவை நிதானமாகச் சொன்னேன். "எனக்குத் தெரியலைம்மா. சதை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை காலைல பஸ்சுக்கு வாங்க, நானும் கூட வர்றேன்."

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. போன் பண்ணினால் வீட்டுக்காரர் எடுத்தார்.

"என்னான்னு உங்களுக்கே தெரியலைன்னு சொன்னீங்களாமே. அதுக்கு எதுக்குங்க அம்புட்டு தூரம்?"