சென்னை–சிங்கப்பூர்: கணக்கு எங்கே உதைக்கிறது?

இணையத்தில் தூரம் காட்டும் தளங்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,920 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் என்பார்கள். டிக்கெட்டில் நாலே கால் மணி நேரம் இருக்கும். இரண்டுமே தப்பில்லை.

முதலில் தூரம். மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி, அதனோடு அவற்றின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசமான 23.82-இன் கொசைனையும் பெருக்கிக் கூட்டினால் 0.8965 வரும். அதன் தலைகீழ் கொசைன், அதாவது அந்தக் கொசைன் உள்ள கோணம், 26.3 டிகிரி. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் வீதம் 1,578 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் ஆகிவிடும்.

பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 12 டிகிரி 59 நிமிடத்தை 12.59 என்று போடக் கூடாது, 59-ஐ 60-ஆல் வகுத்துத்தான் சேர்க்க வேண்டும். எக்செல்லில் போடுபவர்கள் டிகிரியை ரேடியனாக (எக்செல் கோணத்துக்கு எடுத்துக்கொள்ளும் அலகு) மாற்ற மறந்தால் விடை எங்கோ போய்விடும். மைல் என்றாலும் எந்த மைல் என்று பாருங்கள். இதே தூரம் சாதாரண மைலில் சுமார் 1,816.

இனி நேரம். ஏர்பஸ் 320 உயரத்தில் சுமார் 450 நாட், அதாவது மணிக்கு 450 கடல் மைல் வேகத்தில் பறக்கும். 1,578-ஐ 450-ஆல் வகுத்தால் மூன்றரை மணி. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது, அதற்கு ஒரு 10 நிமிடம். விமானப் பாதை நேர்கோடாகப் போகாது, 3 முதல் 5 சதவீதம் சுற்று. அதற்கு இன்னொரு 6 முதல் 10 நிமிடம். மிச்சம் ஓடுபாதைக்குப் போவதும் திரும்புவதும்: இரண்டு முனையிலும் சேர்த்து 25 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவதில் ஆரம்பித்து மறுமுனையில் வந்து நிற்பது வரை. சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் அல்ல.

காற்றைப் பற்றி ஒரு பொதுநம்பிக்கை உண்டு: கிழக்கே போனால் சீக்கிரம் போகலாம் என்று. வட பசிபிக்கில் அது உண்மை. ஏர் இந்தியா 2016-இல் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை பசிபிக் வழியாக விட்டது. மிகக் குறுகிய தூரம் சுமார் 12,400 கிலோமீட்டர்தான். போன தூரம் சுமார் 15,300. பின்காற்று தள்ளிவிட்டதால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. நம் ஊர்ப் பக்கம் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேலே உயரத்தில் வீசுவது கிழக்குத் தாரைக்காற்று, அதாவது கிழக்கிலிருந்து மேற்கே வேகமாக ஓடும் காற்று. சிங்கப்பூர் போகும்போது அது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். வழி முழுக்க 30 நாட் எதிர்க்காற்று என்றால் கூடுதலாக 15 நிமிடம்.

கடைசியாகக் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 11:00-க்குச் சென்னையில் கிளம்பினால் அங்கே விடிகாலை 5:45. அங்கே காலை 8:00-க்குக் கிளம்பினால் இங்கே 9:45. டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம் போலத் தெரியும். அழைத்துப்போக வருபவருக்கு அந்த ஊர் நேரத்தைச் சொல்லுங்கள், பயண நேரத்தைச் சொல்ல வேண்டாம்.